சிடியின் எழுதுகிற பக்கம்

போன மாதம் கவிதா போன் செய்தார். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. வேங்கிக்கால் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறார்களாம். ஸ்கேன் படங்களை எழுதி வைத்த பழைய சிடிகள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றனவாம்.

"இப்பல்லாம் போனுக்கே லிங்க் அனுப்பிடுறோம் சார். இங்க இருக்கிற ஸ்டாஃப்ல முக்காவாசிப் பேர் சிடியக் கையில தொட்டதே இல்ல. எப்படி எடுக்கணும், எப்படி அடுக்கணும், என்ன பண்ணக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா ஒட்டி வச்சிடுவேன்."

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். செய்யக் கூடாதவற்றை வரிசையாக எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால், படிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' என்று கேட்பாரே என்று தோன்றியது. ஏன் என்று எழுதப்போனால் நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் கவிதாவுக்கு அந்த ஒரு பக்கத்தைத் தனியாக அனுப்பிவிட்டு, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அன்வர். தேரடித் தெருவில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. எனக்குக் கடையில் உட்கார்ந்து பேரம் பேச வராது என்பது வாப்பாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சென்னையில் இரண்டு வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு. திரும்பி வந்ததும் இந்த சென்டரில் இருட்டறை வேலை. மருந்துத் தண்ணீரில் ஃபிலிமை முக்கி எடுத்துக் கிளிப்பில் தொங்கவிடுவேன். சட்டையெல்லாம் புளித்த வாடை அடிக்கும். பிறகு உடம்பைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஸ்கேன் மிஷின் வந்தது. இருட்டறை மூடப்பட்டு, படங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயின. காலையில் மிஷினில் ஆளைப் படுக்கவைத்துப் படம் எடுப்பேன். மதியத்துக்கு மேல் அந்தப் படங்களை சிடியில் எழுதிக் கொடுப்பதும் பத்திரப்படுத்துவதும் என் பொறுப்பு.

சிடி போய் லிங்க் வந்ததில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. போனில் இருக்கிற படத்தை யாரும் பாய்க்கு அடியில் வைத்து அதன் மேல் படுக்க முடியாது.

எங்கள் தலைமை டெக்னீஷியன் விசாலாட்சி மேடம். ஆரணிப் பக்கம் சொந்த ஊர். வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் மூத்தவர். கூட்டிப் பெருக்க வருகிறவரிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சிடியில் யாராவது விரல் ரேகையைப் பதித்திருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். அந்த சிடியை எடுத்து வந்து நம் மேஜையில் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுப் போய்விடுவார். டியூப்லைட் வெளிச்சத்தில் நம் கட்டைவிரலின் ஒவ்வொரு சுழியும் தெரியும். திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்போம்.

ஒரு மதியம் ஸ்கேன் எதுவும் இல்லாத நேரத்தில் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு சிடி, கம்ப்யூட்டரில் எழுதும்போது பாதியில் கெட்டுப்போனது.

"இதுல படம் எந்தப் பக்கம் இருக்கு?"

"பளபளன்னு இருக்கிற அடிப்பக்கம் மேடம்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

அவர் செல்லோடேப்பை ஒரு விரல் நீளம் கிழித்து, பெயர் எழுதுகிற மேல்பக்கத்தில் ஒட்டினார். நகத்தால் நன்றாக நீவினார். பிறகு ஒரே இழுப்பு. வெள்ளிப் பூச்சு மொத்தமாக டேப்போடு வந்துவிட்டது. சிடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். உரிந்த இடத்தின் வழியாக வெளியே நின்றிருந்த ஆட்டோ தெரிந்தது.

"அடிப்பக்கம் தடிச்ச பிளாஸ்டிக்குங்க. கீறல் விழுந்தா மெதுவாத் தேய்ச்சு எடுத்துப் பாக்கலாம். மேல்பக்கம் வெறும் பூச்சு. அந்தப் பூச்சுக்கு ஒட்டுனாப்பலதான் படமே இருக்கு. அது போயிடுச்சுன்னா தேய்க்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. நாம எல்லாரும் அடிப்பக்கத்தப் பொத்திப் பொத்தி வச்சிட்டு, மேல்பக்கத்தத் தரையில உரச விடுறோம்."

அன்றிலிருந்து சட்டங்கள் வந்தன. பால்பாயின்ட் பேனாவால் சிடியின் மேல் எழுதக் கூடாது, முனை கீறிவிடும். மெத்தென்ற முனையுள்ள மார்க்கரால், அதுவும் நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தில் மட்டும் எழுத வேண்டும். விளிம்பையும் ஓட்டையையும் தவிர வேறு எங்கும் விரல் படக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், உறையோடு புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது.

கடைசியில் கேட்டார்: "இதுக்கு முன்னாடி யாராவது சிடி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?"

நான் ஒட்டியிருந்தேன். நோயாளிக்குக் கொடுக்கும் சிடியில் இல்லை. கம்ப்யூட்டரில் இடம் நிறைந்து பழைய படங்கள் அழிக்கப்படும் முன்னால், சென்டருக்கென்று ஒரு நகல் எழுதி பீரோவில் வைப்போம். ஒரு சிடியில் நாலைந்து பேருடைய படங்கள் அடங்கும். பெயர்களையெல்லாம் வட்டமான ஸ்டிக்கரில் பிரின்ட் எடுத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டி வைத்திருந்தேன். பீரோவைத் திறந்தால் எனக்கே பெருமையாக இருக்கும். அப்படி நாற்பத்து மூன்று சிடி.

சொல்லியிருக்கலாம். மேடம் கோபப்பட்டிருக்கவும் மாட்டார். ஆனால் மற்ற மூன்று பேரும் 'இல்லை' என்று தலையாட்டினார்கள். என் தலையும் கூடவே ஆடிவிட்டது. நன்றாகத்தானே ஒட்டியிருக்கிறோம், யார் உரிக்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் முதல் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினேன். பழைய நாற்பத்து மூன்றையும் பீரோவின் அடித்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

அதன்பின் வந்த வருடங்களில் ஜனங்களின் வீட்டுக்குப் போன சிடிகள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்துச் சீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தார்கள். ஆட்டோ முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்து வளைய விட்டார்கள். டீ டம்ளருக்கு அடியில் வைத்த வட்டக் கறையோடு ஒன்று வந்தது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்த ஒன்று இரண்டு துண்டாக வந்தது. அதற்குப் பிறகு, ரொம்ப அவசரம் இல்லாதவர்களைப் பௌர்ணமியன்று சிடியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒரு அம்மா, "சாமி ரூம்ல வச்சா நல்லதாண்ணா?" என்று கேட்டார். "வைங்கம்மா, கற்பூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றேன்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. சிடியில் தூசி தெரிந்தால் முந்தானையாலோ சட்டை நுனியாலோ வட்டமாகத் துடைப்பார்கள். படம் சிடியில் வட்டமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாகத்தான் போகும், அதைக் கம்ப்யூட்டரே இட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டத்தோடு வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரு நீளமே சேர்ந்தாற்போலப் போய்விடும். அதனால் நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாக, மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் பீரோவின் அடித்தட்டு ஞாபகத்துக்கு வரும். வந்துவிட்டுப் போய்விடும்.

செல்லோடேப் மதியம் நடந்து ஆறு வருடம் கழித்து சம்பத் வந்தார்.

அடி அண்ணாமலையில் அவருக்குக் கொய்யாத் தோட்டம். கிரிவலப் பாதையில் அவர் மனைவி மல்லிகா டீக்கடை நடத்தினார். சம்பத்துக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், உரத்த குரல். முன்பொரு முறை பைக்கிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தபோது எங்கள் சென்டரில்தான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். இப்போது விடாத இருமல் என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி தெரிகிறது, அந்தப் பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அது பழைய தழும்பு பாய். அப்பவே இருந்துச்சு. உங்க ரிப்போர்ட்லயே எழுதியிருக்கு, பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். பழுப்பேறிய தாள். விலா எலும்பைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசி வரியில், வலது நுரையீரலில் பழைய தழும்பு போன்ற சிறு புள்ளி என்று இருந்தது. எவ்வளவு பெரிது என்று எழுதவில்லை.

மல்லிகா பொறுமையாக விவரம் சொன்னார். "அந்த டாக்டர் என்னா சொன்னார்னாண்ணா, பழைய ஸ்கேன் படம் இருந்தா எடுத்துனு வாங்க, அப்ப இருந்த அளவே இப்பவும் இருந்துச்சுன்னா கத்தி வைக்க வேணாம், சும்மா பாத்துக்கினு இருக்கலாம். பெருசாயிருந்தா தள்ளிப் போடாதீங்கன்னாரு. பத்து நாள் டைம் குடுத்திருக்காரு. இவரு ஆபரேஷனே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"நல்லா இருக்கிற மனுசன எதுக்கு அறுக்கணும்? படத்தக் குடுங்க பாய், அந்தாளு மேஜையில போட்டுட்டு வந்துடறேன்" என்றார் சம்பத்.

"உங்களுக்குக் குடுத்த சிடி எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோட்டத்துல தொங்குது" என்றார் மல்லிகா. "கிளி ஜாஸ்தியா வருதுன்னு வீட்ல இருந்த சிடியெல்லாம் சேத்து மரத்துல கட்டிட்டாரு. பாட்டு சிடி, பட சிடி எல்லாத்தோடவும் இதுவும் போயிடுச்சு."

"கட்டி ஒரு மாசம்தான் ஆவுது" என்றார் சம்பத். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எங்கள் நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். எண் கிடைத்தது. எண்ணைப் பார்த்ததுமே எந்தத் தட்டு என்று தெரிந்துவிட்டது. அடித்தட்டு.

அந்த வருடக் கோடையில் பீரோ இருந்த அறையின் ஏசி பழுதாகி ஒன்றரை மாதம் ஓடவில்லை. உறையைத் திறந்தபோது என் வட்டமான ஸ்டிக்கர் விளிம்பில் சுருண்டு எழும்பியிருந்தது. அதோடு சேர்ந்து வெள்ளிப் பூச்சும் எழும்பியிருந்தது. விளக்குக்கு எதிரே பிடித்தேன். வெளிவட்டத்தில் இரண்டு இடத்தில் வெளிச்சம் அப்படியே தெரிந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

அவர் விளிம்பைப் பிடித்து வாங்கிப் பார்த்தார்.

"யாருங்க ஒட்டினது?"

"நான்தான் மேடம்."

"டேப் ஒட்டிக் காட்டினேனே, அன்னிக்கு இது ஒட்டியாச்சா?"

"ஒட்டியாச்சு மேடம். நீங்க கேட்டப்ப நான் சொல்லல."

அவர் சிடியை உறைக்குள் வைத்தார். "எத்தனை இருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"சரி. மொதல்ல இவர் வேலைய முடிங்க. அத அப்புறம் பாக்கலாம்."

அவ்வளவுதான்.

சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும். அந்த நகலில் கடைசியாக எழுதப்பட்டவை சம்பத்தின் படங்கள், அதனால் அவை வெளிவட்டத்தில் இருந்தன. ஸ்டிக்கரை உரிக்கவில்லை. உரித்தால் மிச்சமும் வந்துவிடும். எழும்பிய ஓரத்தை மட்டும் விரலால் மெதுவாகப் படியவைத்து, இருப்பதிலேயே பழைய, மெதுவாகச் சுற்றுகிற சிடி டிரைவில் போட்டேன். நெஞ்சு ஸ்கேன் என்பது கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ரொட்டியை வெட்டுவது போல வெட்டிய இருநூற்றுச் சொச்சம் படங்கள். மேலிருந்து அறுபத்தொரு படங்கள் வந்தன. அதோடு நின்றுவிட்டது. புள்ளி இருந்ததோ நுரையீரலின் கீழ்ப்பகுதியில்.

மறுநாள் காலை சம்பத்தும் மல்லிகாவும் நைலான் கயிற்றில் கோத்த சிடிகளைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் பதினொன்று. எட்டாவது எங்களுடையது. சட்டம் வருவதற்கு முன்பே மேடம் வளையத்தில் மட்டும்தான் எழுதுவார்; அவர் கையெழுத்து வெளுத்துப் போயிருந்தாலும் படிக்க முடிந்தது. இலைகளுக்குள் நிழலில் தொங்கியதால் வெயில் முழுதாகத் தின்னவில்லை. மேல்பக்கத்தில் கிளை உரசிய இரண்டு கோடு. அடிப்பக்கம் முழுவதும் தூசி, கிளி எச்சம், சன்னமான கீறல்கள்.

அன்றைக்கு என்னைக் காலை ஸ்கேன் வேலையிலிருந்து மேடம் விடுவித்தார். அவரே போய் மிஷினில் உட்கார்ந்தார்.

முதலில் ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதினேன். தூசியோடு துடைத்தால் அதுவே மணல்தாள் ஆகிவிடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டவில்லை. சுத்தமான தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது தானாக ஊறிக் கழன்று வரும்வரை காத்திருந்தேன். பலமுறை துவைத்து நைந்த பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு இழுப்பு. துணியை மடித்து, புது இடத்தால் அடுத்த இழுப்பு. காயவைத்து, சாய்த்துப் பிடித்து, டியூப்லைட்டின் பிம்பம் எங்கே உடைகிறது என்று பார்த்தேன். சம்பத் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேகமாத் தேய்ச்சா சீக்கிரம் போயிடாதா பாய்?"

"போயிடும். படமும் போயிடும்."

அவர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் டிரைவ் சிடியை வெளியே தள்ளியது. இரண்டாவது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் சிடி என்றது. அந்தப் பழைய டிரைவ்தான் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. படங்களைத் திறந்து பார்க்க ஆசையாக இருந்தாலும் திறக்கவில்லை. திறந்தால் டிரைவ் ஒரே இடத்தில் முட்டி முட்டிக் கெடுக்கும். வருகிறதை மட்டும் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துக்கொண்டு, வராத இடத்தைத் தாண்டிப் போகவிட்டேன். ஒருமுறை முடிந்ததும் சிடியை ஆறவைத்து, தாண்டிய இடங்களுக்கு மட்டும் மறுபடி. மூன்றாவது முறையும் வராத இடத்தில் வெளிச்சத்தைக் காட்டிக் கீறலைத் தேடி, சன்னமான பாலிஷ் பசையை மிளகளவு தொட்டு, அதையும் நடுவிலிருந்து விளிம்புக்கே தேய்த்தேன். ஒரு கீறலுக்கு அரை மணி நேரம் ஆனது. மேல்பக்கம் கிளை உரசிய கோடுகள் இருந்த இடத்தை விட்டுவிட்டேன். அதற்கு மருந்து கிடையாது.

இப்படி இரண்டு நாள். படங்கள் திட்டுத் திட்டாக வந்தன. நெஞ்சின் நடுவிலிருந்து கொஞ்சம். அப்புறம் ஒரு பெரிய பள்ளம். வயிற்றின் மேல்பகுதி கொஞ்சம். மேடம் வந்து, சென்னையில் எடுத்த புதுப் படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டார். புள்ளி எந்த விலா எலும்பின் மட்டத்தில் இருக்கிறது என்று எண்ணினார். "நூத்தி எழுபதுக்கும் நூத்தி எம்பதுக்கும் நடுவுல வேணும் அன்வர். மத்தது வரலன்னாலும் பரவால்ல."

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்கு நூற்று எழுபத்து மூன்றும், எழுபத்து நான்கும், எழுபத்தாறும் வந்தன.

இரண்டு திரையிலும் ஒரே மட்டம். அதே எலும்பு, அதே ரத்தக் குழாய்கள். பழைய படத்தில் அந்தப் புள்ளி ஒரு மிளகளவு இருந்தது. புதுப் படத்தில் ஒரு கொண்டைக்கடலை அளவு. ஓரமும் பழையதில் உருண்டையாக இருந்தது, புதியதில் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் நெஞ்சுப் படம் பார்த்த கண். மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இரண்டு திரையையும் அணைத்தார். "டாக்டர் ரெண்டு மணிக்கு வந்துடுவார். அளவு எடுக்கிறதும் சொல்றதும் அவர் வேலை. நம்ம வாயில இருந்து ஒரு வார்த்தை வரக் கூடாதுங்க. நல்லதா இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி."

வெளியே வந்தேன். சம்பத் எழுந்து நின்றார்.

"கெடைச்சிடுச்சா பாய்?"

"கெடைச்சிடுச்சு. வேண்டிய படம் வந்துடுச்சு."

மல்லிகா கையெடுத்துக் கும்பிட்டார். சம்பத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் சொன்னேன்ல? அதே அளவுதான?"

"டாக்டர் ரெண்டு மணிக்கு வந்து பாத்துச் சொல்லுவாரு."

"அவரு சொல்லட்டும். நீங்க பாத்தீங்கல்ல? கம்மியா இருக்கா, ஜாஸ்தியா இருக்கா, அதே மாதிரி இருக்கா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"ஒரு வார்த்த. ஆமா, இல்ல. அவ்ளோதான்."

நான் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். எதிர்ப்பக்கம் ஹோட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொன்னேன். என் குரல் சாதாரணமாக இருந்தது என்றே நம்பினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "வா மல்லிகா, சாப்பிடலாம்" என்று நடந்தார்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார், அளந்தார், இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். மீட்ட படங்களை இரண்டு சிடியில் எழுதி, இரண்டையும் கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்த்து, ரிப்போர்ட்டோடு மல்லிகாவின் கையில் கொடுத்தேன். சம்பத் என்னிடம் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை மேடம் அடித்தட்டைக் காலி செய்ய வைத்தார். நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் புதிய சிடிக்கு நகல் எடுத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. முப்பத்தேழு முழுதாக வந்தன. ஆறு வரவில்லை. அந்த ஆறில் இருபத்தெட்டுப் பேர். நான் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"எல்லாருக்கும் போன் பண்ணுங்க. நம்மகிட்ட இருந்த நகல் கெட்டுப் போச்சு, உங்ககிட்ட இருக்கிறத பத்திரமா வைங்க, முடிஞ்சா எடுத்துட்டு வாங்க, இன்னொரு நகல் எழுதித் தரோம்னு சொல்லுங்க. எப்படிக் கெட்டுச்சுன்னு கேட்டா அதையும் சொல்லிடுங்க."

என் வேலைக் காலத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அந்த இருபத்தெட்டுப் போன்கள்தான். பத்து எண்கள் மாறிப் போயிருந்தன. சிலர் என்ன சொல்கிறேன் என்றே புரியாமல் சரி சரி என்றார்கள். போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரு போய் மூணு வருசம் ஆவுதுங்க. நீங்க ஒருத்தராவது ஞாபகம் வச்சுனு கேட்டீங்களே" என்றார். நான் ஞாபகம் வைத்துக் கேட்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் முயன்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ஒன்பது பேர் சிடியைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதையும் சுத்தம் செய்து நகல் எழுதிக் கொடுத்தேன். மேடம் இதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. ஓய்வு பெறும்போது பீரோ சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சம்பத்துக்கு ஆபரேஷன் ஆன செய்தியை அவர் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எடுத்துப் பரிசோதித்ததில் அது கெட்ட கட்டிதானாம். ஆனால் வேறெங்கும் பரவவில்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று நிரூபிக்க எடுத்து வந்த சிடி. அதைத் தேய்த்துத் துடைத்து எதிராகப் பேச வைத்தவன் நான் என்று ஒரு கூச்சம்.

ஏழெட்டு மாதம் கழித்து, தொடர் பரிசோதனைக்கான ஸ்கேனுக்கு எங்களிடமே வந்தார். அன்றைக்கு மிஷினில் நான் இருந்தேன். ஆள் இளைத்திருந்தார். படிக்கட்டில் ஏறி வந்ததற்கு மூச்சு வாங்கியது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னா பாய், வூட்டுப் பக்கம் வரவே இல்லியே?"

"வேலை..." என்று இழுத்தேன்.

"கோவமா இருப்பேன்னு நெனச்சீங்களா?" ஸ்கேன் மேஜையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். "அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டேன், நீங்க சாப்பாட்டப் பத்திச் சொன்னீங்க. அதே அளவா இருந்திருந்தா நீங்க சொல்லக் கூடாதுன்னாலும் ஒங்க மூஞ்சி சொல்லியிருக்கும். அந்த ஓட்டல்லயே மல்லிகாகிட்ட சொல்லிட்டேன், ஆஸ்பத்திரிக்கு வேண்டியத எடுத்து வையி, போயிடலாம்னு. அந்த டாக்டர் ரெண்டு மணிக்குச் சொன்னப்ப அவதான் அழுதா. நான் அழுது முடிச்சிருந்தேன்."

தலையணையைச் சரிசெய்தேன். அவர் படுத்தார். நான் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார். இடது கை சுலபமாகப் போனது. வலது கை ஆபரேஷன் தழும்பு இழுத்ததால் மெதுவாகப் போனது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கை அழுத்தினேன்.

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே நிறுத்துங்க."

நெஞ்சு உயர்ந்து நின்றது. மேஜை உள்ளே நகர்ந்தது. அவர் அசையவே இல்லை.

"இப்ப விடலாம்" என்றேன்.